ஆண்டவருக்கு ஒரு போணி

தேவஇரக்கம் என்று பெயரை வைத்துக்கொண்டு இந்த ஆள் ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டான். எங்கள் சந்துக்கு நைட்டி வாங்க வந்த எத்தனையோ பெண்கள் இதைச் சொல்லித் திட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். "பேருல மட்டும் இரக்கத்தை வெச்சுக்கினு..." என்று அவன் கடையில் ஆரம்பித்து என் கடை வாசல் வரை முணுமுணுத்துக்கொண்டே வருவார்கள். நானும் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அவர்களிடம் ஒரு பையை விற்கப் பார்ப்பேன்.

பாண்டி பஜாரிலிருந்து உள்ளே திரும்புகிற சந்தில் எட்டுக் கடைகள். மூன்றாவது அவனுடையது, எபனேசர் நைட்டீஸ். நான்காவது என்னுடையது. ஸ்கூல் பை, ஆபீஸ் பை, சக்கரம் வைத்த பெட்டி எல்லாம் கிடைக்கும். என் பெயர் பீர் முஹம்மது. பதினெட்டு வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறோம். சுவர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அது பிளைவுட். அவன் தும்மினால் என் பைகள் ஆடும்.

ஆள் குள்ளம். ஐம்பத்திரண்டு வயது. வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்தில் பவுடர். பேரம்தான் பேசமாட்டானே தவிர சரக்கில் ஏமாற்ற மாட்டான். தையல் பிரிந்துவிட்டது என்று ஆறு மாதம் கழித்துக் கொண்டுவந்தாலும் மறுபேச்சு இல்லாமல் மாற்றிக் கொடுப்பான். தைப்பது அவன் மனைவி ஜெபக்கனி, கோடம்பாக்கத்தில் ஒற்றை அறை வீட்டில். சரக்கு அதிகம் தேவைப்பட்டால் அதே தெருவில் இரண்டு டெய்லர்கள் பீஸுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு தைத்துக் கொடுப்பார்கள். இவ்வளவுதான் அவன் சாம்ராஜ்யம். இதில்தான் ஆண்டவர் வந்து நுழைந்தார்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் சபை கோடம்பாக்கத்தில் ஒரு மொபைல் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. பாஸ்டர் ஆசீர் அன்றைக்குக் காணிக்கையைப் பற்றிப் பிரசங்கம் செய்தாராம். மாசக் கடைசியில் எல்லாச் செலவும் போக மிச்சம் இருப்பதைத் தட்டிப் பார்த்து ஆண்டவருக்குக் கொடுக்காதீர்கள், முதலில் வருவதை முதலில் அவருக்கு எடுத்து வையுங்கள், அதுதான் முதற்பலன் என்றாராம். நல்ல பேச்சுதான். எங்களுக்கும் ஜக்காத் இருக்கிறது. வருஷம் முழுக்கக் கையில் தங்கியதில் நாற்பதில் ஒரு பங்கு. அதற்கே நான் ஒவ்வொரு ரமலானிலும் மூச்சு வாங்குகிறேன். கேட்டுவிட்டு வந்தவன் வீட்டில் சும்மா இருந்திருக்கலாம் இல்லையா? இருக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கியதும் என்னிடம் வந்து நின்றான்.

"பாய், இனிமே போணி ஆண்டவருக்கு."

"எது, போணியா?"

"முழுசும். மொதல்ல வர்றது அவருக்குத்தானே? எனக்கு தினமும் மொதல்ல வர்றது போணிதானே?"

எனக்குப் பகீரென்றது. போணி என்றால் என்ன என்று கடை வைத்த எவனுக்கும் சொல்ல வேண்டியதில்லை. காலையில் நடக்கிற முதல் விற்பனை. முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, கடன் சொல்லக் கூடாது, வாங்கிய காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட வேண்டும். எங்கள் சந்தில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவன் எல்லாருக்கும் பொதுவான சட்டம் இது ஒன்றுதான். பிரசங்கத்தில் பாஸ்டர் சொன்ன சொல் வேறு, இவன் காதில் விழுந்தது வேறு. கடைக்காரனுக்கு எதைச் சொன்னாலும் கடையாகத்தான் கேட்கும்.

திங்கட்கிழமை போணி ஒரு நைட்டி. முந்நூற்றைம்பது ரூபாயைத் தனியாக ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். செவ்வாய்க்கிழமை இரண்டு நைட்டி. வெளிச்சம் கொஞ்சம் மங்கியது. புதன்கிழமை ஒரு அம்மா வந்து, பிரசவத்துக்கு வந்திருக்கிற மகளுக்காக ஒரே வீச்சில் ஆறு வாங்கிக்கொண்டு போனாள். அந்தப் பணம் முழுவதும் டப்பாவுக்குள் போனபோது இவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். அன்றைக்கு அதற்கு மேல் ஒரு வியாபாரமும் இல்லை.

வியாழக்கிழமை காலையில் ரங்கநாதன் தெருவிலிருந்து ஒரு டஜன் கர்ச்சீப்போடு வந்தான். நீலப் பூப்போட்ட கர்ச்சீப். ஒன்று பத்து ரூபாய்.

"கர்ச்சீப்பும் ஜவுளிதானே பாய்?" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஆமா, ஜவுளிதான்."

"அப்ப நீங்க ஒண்ணு வாங்கிக்கங்களேன். மொத ஆளா."

கேட்டீர்களா கதையை? ஆண்டவருக்கு முதலிடம் கொடுத்தாயிற்று, வாக்கும் மாறவில்லை. முதலிடத்தில் பத்து ரூபாய் கர்ச்சீப்பைப் போய் உட்கார வைத்துவிட்டான். நைட்டிகள் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்று நிம்மதியாக விற்றன. அந்த வரிசையின் தலைமாட்டில் நான். தினமும் பத்தேகால் மணிக்கு அவன் ஷட்டரைத் தூக்குவான், நான் பத்து ரூபாயை நீட்டுவேன், அவன் கண்ணில் ஒற்றி டப்பாவில் போடுவான், நான் கர்ச்சீப்போடு என் கடைக்குத் திரும்புவேன். எட்டு மாதம்! ஞாயிறு தவிர ஒரு நாள் விடவில்லை. வீட்டில் என் மனைவி தஹ்சீன் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு இன்னா, அவ்ளோ சளியா?" என்று கேட்டாள். எங்கள் சொந்தத்தில் நீலப் பூக் கர்ச்சீப் இல்லாத மூக்கே கிடையாது.

நான் அவனைச் சும்மா விடவில்லை. "யோவ் இரக்கம், உங்க ஆண்டவருக்கு மாசச் சம்பளம் குடுக்குறது நான்யா" என்று சீண்டுவேன். அவன் சிரிக்க மாட்டான், காது மட்டும் சிவந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று, "தினமும் என் போணியைக் கர்த்தருக்குக் கொடுக்கிறேன்" என்று சாட்சி வேறு சொன்னானாம். எல்லாரும் கை தட்டினார்களாம். கர்ச்சீப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. அன்றைக்கு முழுக்க வயிறு சரியில்லை என்று மறுநாள் என்னிடம் சொன்னான். எனக்குப் புரிந்தது, அது வயிறு இல்லை.

இதற்கு நடுவில் கடை படுத்துவிட்டது. எல்லாரும் போனைத் தடவி நைட்டி வாங்குகிறார்கள், வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புகிறார்கள். மூன்று மாத வாடகை நின்றுபோனது. பில்டிங் ஓனருடைய ஆள் வந்து, பத்தாம் தேதி சாயங்காலத்துக்குள் மொத்தமும் வராவிட்டால் பூட்டு எங்களுடையது என்று சொல்லிவிட்டுப் போனான். அப்போது தேதி இரண்டு. அன்றைக்கு முழுக்க இரக்கம் பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் நைட்டிகளை மடித்து வைப்பதும் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தான். அந்தப் பக்கம் வேறு எவனோ வந்து உட்கார்ந்தால் நான் யாரிடம் எரிந்து விழுவேன்?

மறுநாள், மூன்றாம் தேதி வியாழக்கிழமை, நான் பன்னிரண்டு நிமிஷம் தாமதம். மழை இல்லை, பஸ் தகராறு இல்லை. வடை. முனையில் டீக்கடையில் சுடச்சுடப் போட்டுக்கொண்டிருந்தார்கள், இரண்டாவது வடைக்கு ஆசைப்பட்டேன். அந்த வடையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கரிக்கிறது.

கையைத் துடைத்துக்கொண்டு, பத்து ரூபாயை எடுத்துக்கொண்டு அவன் கடைக்குள் நுழைகிறேன், உள்ளே ஏற்கெனவே ஒருவன் நிற்கிறான். கறுப்புக் கண்ணாடி, காதில் கம்மல். பெயர் கிரீஷ், சினிமாவில் உடைகள் வாங்கிக் கொடுக்கிற ஆள். தண்ணீர் லாரியை நூற்றைம்பது பெண்கள் நைட்டியோடு துரத்துகிற காட்சியாம். நூற்றைம்பதும் ஒரே மாதிரி வேண்டுமாம். மஞ்சளில் பச்சை இலை. ஒன்பதாம் தேதி காலையில் கொடுக்க வேண்டும். அவசர வேலை என்பதால் ஒன்றுக்கு நானூறு, மொத்தம் அறுபதாயிரம்.

"அண்ணே, இன்னிக்கு போணி ஆச்சா?" என்று அவன் கேட்டிருக்கிறான்.

"இன்னும் இல்ல தம்பி."

"அப்ப நான்தான் போணி! நம்ம கை ராசியான கைண்ணே. புடிங்க அட்வான்ஸு." இருபதாயிரம் ரூபாய்க் கட்டு.

பதினெட்டு வருஷப் பழக்கம் யாரை விட்டது? இவன் கை தானாக நீண்டது, வாங்கியது, கண்ணுக்குப் போனது. ஒற்றிக்கொண்ட பிறகுதான் புத்தி வந்திருக்கிறது. நான் நுழைந்தபோது பணக்கட்டை நெற்றிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றிருந்தான். என் கையிலிருந்த பத்து ரூபாயைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை என் எதிரிக்குக்கூட நான் விரும்ப மாட்டேன்.

நான் சுதாரித்துக்கொண்டேன். "தம்பி, ஒரு அஞ்சு நிமிஷம் அந்தக் காசைத் திருப்பி வாங்கிக்கங்க. நான் ஒரு கர்ச்சீப் வாங்கிட்டு நகர்ந்துடறேன், அப்புறமா குடுங்க" என்றேன்.

"இன்னா பாய் பேசறீங்க!" அவன் கறுப்புக் கண்ணாடியையே கழற்றிவிட்டான். "போணி காசைத் திருப்பி வாங்கறதா? படம் பொட்டிக்குள்ளயே தூங்கிடும். அப்டி குடுத்தீங்கன்னா ஆர்டரே வேணாம், நான் வேற கடை பாத்துக்கறேன்."

"இல்ல, இல்ல தம்பி, நீங்க போய்ட்டு வாங்க" என்று இரக்கம் அவசரமாகக் கும்பிட்டு அவனை அனுப்பிவைத்தான். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

நிலைமையை நீங்களே பாருங்கள். இருபதாயிரம் ரூபாய் போணி. போணி முழுசும் ஆண்டவருக்கு. கொடுத்துவிட்டால் துணி வாங்கக் காசில்லை. துணி இல்லாவிட்டால் நைட்டி இல்லை. நைட்டி போகாவிட்டால் மீதி நாற்பதாயிரம் வராது. அது வராவிட்டால் பத்தாம் தேதி கடைக்குப் பூட்டு. இத்தனைக்கும் காரணம் ஒரு வடை.

ஐந்து நிமிஷத்தில் சந்து முழுக்கக் கூடிவிட்டது. முதலில் வந்தவர் கஸ்தூரிரங்கன். மயிலாப்பூர்க்காரர். ஆடிட் ஆபீஸில் ரிடையர் ஆகி, மருமகனுடைய குக்கர் கேஸ்கட் கடையில் பொழுதுபோக்காக உட்கார்ந்திருப்பவர். விஷயத்தைக் கேட்டதும் மனிதருக்கு உற்சாகம் பொங்கிவிட்டது.

"அட்வான்ஸ்ங்கறது வருமானமே இல்லே ஓய். சரக்கு கை மாறினாத்தான் வியாபாரம். எங்காத்துல கொலுவுக்கு பொம்மை ஆர்டர் குடுப்போம், அட்வான்ஸ் குடுத்தண்ணிக்கே பொம்மை படியேறி வந்து உக்காந்துண்டுடறதா? இன்னிக்கு இன்னும் போணியே ஆகலை. வேணும்னா நான் எழுதியே தரேன்."

"நல்லா கீது மாமா உங்க கணக்கு!" என்று எதிர்க்கடையிலிருந்து ஜுவேரியா இறங்கி வந்தாள். வளையல், ஹேர் கிளிப் விற்கிறவள். "துட்டை வாங்கி அண்ணன் கண்ணுல ஒத்திக்கினாரு. நானே பாத்தேன். ஒத்திக்கினா போணிதான்."

"ஒத்திண்டான்னா, ரெண்டு கண்ணுலயுமா?"

"அது நான் பாக்கலை. ஒரு பக்கம்தான் தெரிஞ்சுது."

"அதானே கேக்கறேன்! ஒரு கண்ணுன்னா அது போணியே இல்லை. கொசு வந்து தட்டி விட்டதா இருக்கலாம்."

எல்லாரும் இரக்கத்தைப் பார்த்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் நான் துஆ கேட்டேன். ஒற்றைக் கண் என்று சொல்லிவிடடா, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று.

"ரெண்டுலயும்தான்" என்றான் அவன்.

கஸ்தூரிரங்கன் பெருமூச்சு விட்டுவிட்டுக் கேஸ்கட்டுகளிடம் திரும்பினார். நான் பத்து ரூபாயை மேஜையில் அறைந்து, "இந்தா, கர்ச்சீப்பைக் குடு, இதான் போணி!" என்று கத்தினேன். அவன் கொடுக்கவில்லை. அன்றைக்கு முழுக்க எதையும் விற்கவில்லை. வந்த இரண்டு பெண்களையும், "நாளைக்கு வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டான். இருக்கிற நிலைமையில் இது வேறா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று மணிக்கு நானே என் கடையை ஜுவேரியாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாஸ்டரிடம் போனேன். மொபைல் கடை மாடியில் ஃபேனுக்கு அடியில் பாஸ்டர் ஆசீர் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல மனுஷன். போணி விவகாரம் முழுவதையும் நான்தான் சொன்னேன். ஒரு முஸ்லிம் வந்து கிறிஸ்தவப் போதகரிடம் முதற்பலனைப் பற்றி வாதாடியது கோடம்பாக்கம் சரித்திரத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "பிரதர், தசமபாகம்னா பத்துல ஒண்ணு. அதுவும் செலவு போக உங்களுக்குன்னு வர்றதுல குடுத்தா போதும். நான் போணின்னு சொல்லவே இல்லையே. மொத துணியை வாங்கி ஆர்டரை முடிங்க."

எனக்கு அவர் கையைப் பிடித்து முத்தமிட வேண்டும்போல இருந்தது. "கேட்டியாய்யா? எந்திரி, போலாம்!" என்றேன்.

இரக்கம் எழுந்திருக்கவில்லை. அவன் பாட்டுக்குச் சொல்ல ஆரம்பித்தான். கர்ச்சீப், டஜன், பத்து ரூபாய், நான், எட்டு மாதம், சாட்சி, எல்லாம். பாஸ்டருக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு இவன் அழுகிறான் என்று கண்டு வாயை மூடிக்கொண்டார்.

"ஆண்டவர் உங்க கடை தொறக்குற நேரத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறவர் இல்ல பிரதர்."

"நான் பாத்துக்கினு இருந்தேனே பாஸ்டர். எங்க அவருக்குப் பெருசா போய்டுமோன்னு தினமும் அவருக்கு முன்னாடி ஓடிப்போய் சின்னதா ஒண்ணை நீட்டினேன். இன்னிக்குத்தான் நான் நீட்டறதுக்கு முன்னாடி அவரு வந்துட்டாரு. இப்பவும் பத்துல ஒண்ணுன்னு பேரம் பேசினா, நான் இன்னா ஆளு?"

பணக்கட்டை எடுத்து மேஜை மேல் வைத்தான். ரப்பர் பேண்டுகூடப் பிரிக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிவிட்டான். பாஸ்டர் பணத்தோடு பின்னாலேயே ஓடிவந்தார். தெரு நடுவில் நின்று இவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான், மிட்டாய் வேண்டாம் என்கிற குழந்தை மாதிரி. பாவம், அவர் என்ன செய்வார்? அந்தப் பணம் ஊரூர் ஒல்காட் குப்பத்தில் இரண்டு பிள்ளைகளுக்குக் காலேஜ் ஃபீஸாகப் போனது என்று பின்னால் கேள்விப்பட்டேன். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. ஸ்டேஷன் வரைக்கும் அவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனேன்.

திட்டினால் போதுமா? வடை தின்றது நான்தானே. வெள்ளிக்கிழமை காலையில் வண்ணாரப்பேட்டைக்குப் போய் என் மச்சான் அப்துல் கஃபார் கடையில் நின்றேன். துணி மொத்த வியாபாரி. கடன் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குக் காது கேட்காமல் போய்விடும். "யாருக்கு?" என்றார். "ஒரு கிறிஸ்தவருக்கு." "காசு இன்னா ஆச்சு?" "சாமிக்குக் குடுத்துட்டார்." மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். கடைசியில் என் பெயரில் எழுதிக்கொண்டு நானூற்றைம்பது மீட்டர் கொடுத்தார். மஞ்சளில் பச்சை இலை.

ஆட்டோ முழுக்கத் துணியைத் திணித்து, அதற்குள் என்னையும் திணித்துக்கொண்டு, கோடம்பாக்கத்தில் இரக்கம் வீட்டு வாசலில் இறங்கியபோது மணி பதினொன்று. ஜெபக்கனி மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மெஷின் ஓடவில்லை. இரக்கம் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். விஷயம் சொல்லியாகிவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

"வாங்கண்ணே. துணியை அப்படி வைங்க" என்றாள் ஜெபக்கனி. குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏங்க, மொதல்ல ஆண்டவரு. சரி. அதுல எனக்குச் சண்டையே இல்ல. ரெண்டாவது யாரு?"

இந்த மடையன் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னான். "வாடகை."

"மூணாவது?"

"துணிக்கடை."

"அப்புறம்?"

"டெய்லருங்க ரெண்டு பேரு. பீஸுக்கு நாப்பது ரூபா குடுத்தாகணுமே. அப்புறம் கரண்ட் பில்லு. கேஸு."

"நான் எத்தினாவது?"

யா அல்லாஹ், அவன் விரல் விட்டு எண்ணினான்! என் கண்ணால் பார்த்தேன். ஒரு கை முடிந்து, அடுத்த கையில் இரண்டாவது விரலுக்குப் போனபோதுதான் தான் என்ன செய்கிறோம் என்று உறைத்து, கையைக் கீழே போட்டான்.

"நீ நம்ம வீட்டு ஆளு கனி" என்றான்.

"ஆண்டவரும் நம்ம வீட்டு ஆளுதானே? அவருக்கு மட்டும் எதுக்குக் கையில குடுத்தீங்க?"

பதினெட்டு வருஷமாக நான் அந்த நைட்டிகளின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், தைக்கிறவளுக்கு என்ன கிடைக்கிறது என்று ஒரு நாள் கேட்டதில்லை.

"பத்தொன்பது வருஷமா தெக்கிறேன். ஒத்த பீஸுக்குக்கூட நீங்க எனக்குக் காசு குடுத்ததில்ல. எனக்கு இன்னும் போணியே ஆகலைங்க" என்றாள். "மொத பீஸுக்கு நாப்பது ரூபா கையில குடுங்க. அப்பதான் மெஷின் ஓடும்."

அவன் சட்டைப்பை, பேண்ட் பை எல்லாம் தேடினான். பன்னிரண்டு ரூபாயும் ஒரு ரயில் டிக்கெட்டும் இருந்தன. நான் பர்ஸைத் திறந்தேன். "உங்க காசு வேணாம்ணே. அவரு குடுக்கட்டும்" என்று தடுத்துவிட்டாள். நூற்றைம்பது நைட்டி, ஐந்து நாள், நாற்பது ரூபாய்க்காக நின்றுகொண்டிருந்தது.

வேறு வழி? சம்பாதித்துக்கொண்டு வர வேண்டியதுதான். இருவரும் ரயிலேறி மாம்பலத்தில் இறங்கி ஓடினோம். ஷட்டரைத் தூக்கும்போதுதான் எனக்கு மண்டையில் அடித்தது. இப்போது முதலில் விற்பது போணி, போணி ஆண்டவருக்கு! அவளுக்குக் கொடுக்க வேண்டுமானால் இரண்டு விற்றாக வேண்டும். நான் பத்து ரூபாயை எடுத்தேன். அவன் தலையை ஆட்டினான். மிச்சமிருந்த கர்ச்சீப்புகளை முந்தின நாளே யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டிருந்தான்.

பன்னிரண்டரைக்கு ஒரு பெண் முந்நூற்றைம்பதுக்கு ஒன்று வாங்கினாள். டப்பாவுக்குப் போனது. அதற்குப் பிறகு ஈ, காக்கை இல்லை. இரண்டரைக்கு ஒரு அம்மா வந்து ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "முந்நூறுன்னா தரியா?" என்றாள். சந்து முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது. கஸ்தூரிரங்கன் கடையை விட்டு வெளியே வந்து நின்றார்.

"எடுத்துக்கங்கம்மா" என்றான் தேவஇரக்கம்.

"அண்ணன் கொறைச்சுட்டாரு!" என்று ஜுவேரியா கத்திய கத்தலில் அந்த அம்மா பயந்து, சரக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்து, நைட்டியைப் பிரித்து நான்கு மூலையையும் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தாள்.

கடை என்ன ஆயிற்று என்று உங்களுக்கு உறுத்திக்கொண்டிருக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் தேதி காலையில் நூற்றைம்பதும் போய்ச் சேர்ந்தது. மீதிப் பணம் வந்தது. வாடகைக்கும் என் மச்சானுக்கும் டெய்லர்களுக்கும் சரியாகப் போனது. அவன் இன்னமும் பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கிழமை மூன்றரை மணியை.

மறுபடி ரயிலேறிக் கோடம்பாக்கம் வீட்டுக்குப் போனதும், முந்நூறு ரூபாயையும் அப்படியே மனைவியிடம் நீட்டினான். ஜெபக்கனி ஒரு நூறு ரூபாய் நோட்டை மட்டும் எடுத்தாள். "நாப்பதுதான். நானும் ஃபிக்ஸட் ரேட்டு" என்று என்னிடம் சில்லறை கேட்டாள். நான் மாற்றிக் கொடுத்தேன். அறுபதை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். கையில் இருந்த நாற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுபடி என்னைக் கேட்டாள்.

"அண்ணே, இதுல ஒரு பத்து ரூபாய்க்குக் காசா கெடைக்குமா? நாலு ரூபா தனியா வேணும்."

"நாலு ரூபா எதுக்கு தங்கச்சி?"

"நாப்பதுல பத்துல ஒண்ணு நாலுதானே. ஞாயித்துக்கெழமை காணிக்கைப் பை வரும்போது இவரு என் கையில ஒரு நோட்டை வெப்பாரு, நான் அதைப் போடுவேன். இத்தன வருஷமா இவரு காசைத்தான் போட்டுக்கிட்டு இருந்தேன். இந்த வாரம் எங்காசைப் போடறேன்."

என்னிடம் இரண்டு ரூபாய்க் காசுகள் ஐந்து இருந்தன, கொடுத்தேன். அவள் இரண்டைப் புடவை முனையில் முடிந்துகொண்டு மெஷினை மிதித்தாள். இரக்கம் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். நானும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றேன், ஏனென்றால் எனக்கும் அழுகை வந்துவிட்டது.